விசில் வராத குக்கரில் பிரவுன் ரைஸ்

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் சோற்றுக்கு எத்தனை விசில்?" என்பதுதான். ஒன்றுகூடக் கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறியதும் மூடியில் ஒரு சின்ன ஊசி மேலே எழும்பி நிற்கும். அப்புறம் கடைசியில் பீப் சத்தம் வரும்வரை அது பேசவே பேசாது. விசிலை எண்ணியே சமைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் தடுமாற்றம். வெள்ளை அரிசி என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். பிரவுன் ரைஸ் போட்டால்தான் சிக்கல். ஒன்று, கடித்தால் நறுக்கென்று நிற்கும். இல்லையென்றால் அடியில் கூழும் மேலே விறைத்த அரிசியுமாக இரண்டு சோறு வந்து சேரும்.

இணையத்தில் தேடினால் ஒருவர் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் என்பார், இன்னொருவர் ஒன்றுக்கு இரண்டரை என்பார். ஒருவர் 15 நிமிடம், ஒருவர் 30. பெரும்பாலும் எல்லாருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். அவரவர் அரிசியும் குக்கரும் வேறு. தண்ணீர் எங்கே போகிறது, நேரம் எதற்குச் செலவாகிறது என்ற இரண்டும் புரிந்துவிட்டால் உங்கள் அளவை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அரிசியின் மேல் என்ன இருக்கிறது

நெல்லிலிருந்து உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது பிரவுன் ரைஸ். கடையில் இதைக் கைக்குத்தல் அரிசி, தீட்டாத அரிசி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இதையே மேலும் தீட்டி, தவிட்டையும் முளையையும் எடுத்துவிட்டால் வெள்ளை அரிசி. தீட்டும்போது எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தவிடாகப் போய்விடும்.

ஒரு பிரவுன் ரைஸ் மணியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில், ஓரமாக, மணியோடு ஒட்டிய குட்டிப் பொட்டு ஒன்று தெரியும். அதுதான் முளை. வெள்ளை அரிசியில் அதே இடம் கடித்தெடுத்த மாதிரி பள்ளமாக இருக்கும். முளையைத் தவிர மணி முழுவதையும் மூடியிருக்கிற பழுப்பு நிறத் தோல்தான் தவிடு. நார்ச்சத்தும் எண்ணெயும் அதில் இருக்கின்றன. தவிட்டு எண்ணெய் எடுப்பது இந்த அடுக்கிலிருந்துதான். எண்ணெய்ப் பசையும் நாரும் சேர்ந்த தோல் என்பதால் தண்ணீரை அது லேசில் உள்ளே விடாது.

அரிசி வேகிறது என்றால், உள்ளே இருக்கிற மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து, சூட்டில் உப்பி, இளகுகிறது என்று அர்த்தம். அதற்குக் கொதிநிலைகூட வேண்டியதில்லை. அரிசி வகையைப் பொறுத்து 60 முதல் 80 டிகிரிக்குள் அந்த வேலை நடந்துவிடும். ஆகவே பிரவுன் ரைஸ் தாமதமாக வேகக் காரணம் சூடு போதாதது அல்ல, தண்ணீர் உள்ளே போகத் தாமதமாவது. வெள்ளை அரிசிக்கு எல்லாப் பக்கமும் வழி திறந்திருக்கிறது. பிரவுன் ரைஸில் தவிட்டுத் தோல் இளகி, எங்காவது விரிசல் விட்ட பிறகுதான் தண்ணீர் தாராளமாக நுழைகிறது. திறந்த பாத்திரத்தில் வெள்ளைப் பச்சரிசி 15, 20 நிமிடத்தில் வெந்துவிடும். இதற்கு 40, 45 நிமிடம் ஆகிறது.

வெந்துவிட்டதா என்று பார்க்கவும் இந்தத் தோலே உதவும். நன்றாக வெந்த மணியில் பழுப்புத் தோல் நீளவாக்கில் பிளந்து, உள்ளிருந்து வெள்ளைச் சோறு லேசாகப் பிதுங்கி நிற்கும். அந்த மணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்குங்கள். நடுவில் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி ஒரு புள்ளி தட்டுப்பட்டால் இன்னும் நேரம் வேண்டும். தோல் பிளக்கவே இல்லை, மணி முழுசாக வழவழவென்று இருக்கிறது என்றால் வேக்காடு வெகுவாகக் குறைவு.

குக்கர் உள்ளே நடப்பது

திறந்த பாத்திரத்தில் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், கொதிநிலையும் ஏறும். நம் வீட்டு கேஸ் குக்கர் வெயிட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் வந்ததும் தூக்கிக்கொள்ளும். அப்போது உள்ளே 120 டிகிரி அளவில் சூடு இருக்கும்.

எலக்ட்ரிக் குக்கர்களில் பெரும்பாலானவை அந்த அளவு ஏறுவதில்லை. அதில் முக்கால் பங்கு, அதற்குச் சற்று முன்பின்னாக நிற்கும். சூடு 115, 117 டிகிரி. அதனால் ஒரே அரிசியை இரண்டிலும் போட்டால் கேஸ் குக்கர்தான் முந்தும். விலை கொடுத்து வாங்கிய மெஷின் வேகமாகச் சமைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என்ன செய்வது, உண்மை அதுதான்.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கேஸ் குக்கரில் ஒவ்வொரு விசிலிலும் ஆவி புஸ்ஸென்று வெளியேறுகிறது. ஆறு விசில் என்றால் ஆறு முறை தண்ணீர் போகிறது. அதிலும் தீயைக் கூட்டி வைத்தால் விசில் சீக்கிரம் வரும், சிம்மில் வைத்தால் எப்போதோ வரும். மூன்று லிட்டர் குக்கரின் நாலு விசிலும் ஏழரை லிட்டர் குக்கரின் நாலு விசிலும் ஒரே நேரம் அல்ல. ஆக விசில் கணக்கு அந்தந்த வீட்டு அடுப்புக்கும் குக்கருக்கும் மட்டும் பொருந்துகிற கணக்கு. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற விசில் நமக்குச் சரிப்படுவதில்லை.

எலக்ட்ரிக் குக்கரில் அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. அழுத்தம் போதுமான அளவு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும். இறங்கினால் மறுபடி போடும். ஆவியை வெளியே விட வேண்டிய தேவையே அதற்கு இல்லை. ஊசி எழும்புகிறவரை கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். ஊற்றிய தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே இருக்கும். இன்னொன்று: நீங்கள் 22 நிமிடம் என்று வைத்தால், அந்த 22 அழுத்தம் ஏறிய பிறகுதான் குறைய ஆரம்பிக்கும். அதற்கு முன் ஐந்து முதல் பத்து நிமிடம் அது சும்மா சூடேறிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளேயில் எண் நகரவில்லையே என்று மூடியைத் திருகிப் பார்க்க வேண்டாம்.

தண்ணீர் கணக்கு

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சோற்றுக்கு ஊற்றுகிற தண்ணீர் இரண்டு வேலைக்குப் போகிறது. ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது. மற்றது ஆவியாகிறது. பிரவுன் ரைஸ் வெந்து முடிக்கக் குடிப்பது, அரிசி எந்த அளவோ ஏறத்தாழ அந்த அளவு, அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். ஒரு கப் அரிசிக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கப். திறந்த பாத்திரத்தில் இரண்டரைக் கப் ஊற்றச் சொல்வது, மீதி முக்கால் மணி நேரத்தில் ஆவியாகிவிடும் என்பதால்தான். மூடியே திறக்காத குக்கரில் அந்த இரண்டரையை ஊற்றினால் போக இடமில்லாமல் அது சோற்றிலேயே நிற்கும். சோறு குழைந்துவிட்டது என்று நேரத்தைக் குறைக்கிறோம். குறைத்தால் உள்ளே வேகவில்லை. கோளாறு தண்ணீரில் இருக்க, கையை நேரத்தில் வைத்தால் எப்படிச் சரியாகும்?

எலக்ட்ரிக் குக்கர்களோடு வருகிற கையேடுகள் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று, அல்லது ஒன்றேகால் என்று சொல்லும். அந்த அளவில் சோறு உதிரி உதிரியாக, மென்று தின்கிற பதத்தில் வரும். எலுமிச்சை சாதம், புளியோதரை, ஃப்ரைடு ரைஸ் எல்லாவற்றுக்கும் அது அருமை. ஆனால் சாம்பாரையோ வற்றல் குழம்பையோ ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. குழம்பு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று நிற்கும். என் அபிப்பிராயத்தில் நம் சாப்பாட்டுக்கு ஒன்றுக்கு ஒன்றரை சரியான அளவு. தயிர் சாதத்துக்கு இரண்டு. பல் இல்லாத பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் என்றால் இரண்டரை ஊற்றி, நேரத்தையும் ஐந்து நிமிடம் கூட்டி, மத்தால் கடைந்துவிடலாம்.

அளவை இரட்டிப்பாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆவியாகப் போகிற தண்ணீர், அரிசி ஒரு கப் ஆனாலும் நாலு கப் ஆனாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதனால் ஒரு கப்புக்கு ஒன்றரை சரியாக வந்தால், நாலு கப்புக்கு ஆறு ஊற்றினால் குழையும். ஐந்தேகால், ஐந்தரை போதும். விருந்தாளிகள் வந்த அன்று பார்த்து சோறு கஞ்சியாகிற மர்மம் இதுதான்.

கப் என்று சொல்லும்போது இன்னொரு சின்ன விஷயம். குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி. கடையில் வாங்குகிற அளவுக் கப் 240 மில்லி. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை இன்னொன்றிலும் அளந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. வீட்டு உழக்கோ டம்ளரோ, எதுவானாலும் இரண்டுக்கும் அதே ஒன்று. அரிசியைக் கழுவுமுன், காய்ந்த நிலையில் அளந்துகொள்ளுங்கள்.

ஊற வைத்தால் என்ன ஆகும்? ஊறும்போதே அரிசி தண்ணீரில் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது, தவிட்டுத் தோலும் இளகிவிடுகிறது. இரவு ஊற வைத்த பிரவுன் ரைஸுக்கு, ஊறாததற்கு வைக்கிற 22 நிமிடம் வேண்டாம், 15 போதும். தண்ணீரிலும் கப்புக்குக் கால் கப் குறைத்துவிட வேண்டும். அரை மணி நேரம் மட்டும் ஊற வைப்பதால் பெரிய லாபம் இல்லை. அதற்கு ஊற வைக்காமலே இரண்டு நிமிடம் கூட்டி வைத்துவிடலாம். வெயில் காலத்தில் இரவு முழுவதும் வெளியே வைத்தால் புளித்த வாடை வரும். ஃப்ரிட்ஜில் வைத்து ஊற வைப்பது உத்தமம். குக்கரில் இருக்கிற டிலே ஸ்டார்ட் வசதியை நம்பிக் காலையில் போட்டுவிட்டுச் சாயங்காலம் வேக வைப்பதை, சென்னை வெயிலில், நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி போன்ற பாரம்பரிய வகைகள் இன்னும் பிடிவாதக்காரர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களுக்குப் பிறகு இவை இப்போது நகரத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. தீட்டாமல் விற்கப்படுகிற இவற்றை இரவு ஊற வைக்காமல் குக்கரில் போடுவது வீண் வேலை. ஊற வைத்த பிறகும் கவுனிக்கு ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீரும் 30 நிமிடம் வரை நேரமும் கேட்கும். இலங்கையில் புழங்குகிற சிவப்பரிசியில் தவிட்டைப் பாதி தீட்டியதும் உண்டு, தீட்டாததும் உண்டு. பாதி தீட்டியது என்றால் 15 நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, செய்து பார்ப்போம்

இரண்டு கப் அரிசி. இரண்டு தடவை கழுவினால் போதும். வெள்ளை அரிசி மாதிரி மாவு கரைந்து வந்துகொண்டே இருக்காது. தூசியும் தவிட்டுத் துகளும் மேலே மிதந்து வரும், அதைச் சரித்துக் கொட்டினால் சரி. உள் பாத்திரத்தில் போட்டு இரண்டேமுக்கால் கப் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய். எண்ணெய் ருசிக்காக அல்ல, நுரை பொங்காமல் இருக்க. கரண்டியால் ஒரு கிளறு கிளறி, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய அரிசியைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்ட மணிகள் அப்படியே விறைத்துக் கிடக்கும்.

உள் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் ஹீட்டர் தட்டு சடசடவென்று சத்தம் போடும், நாளாக நாளாகக் கறை பிடிக்கும். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிப் பாத்திரத்தைத் தாண்டக் கூடாது. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள். ஆவி வால்வை அடைக்கும் பக்கம் திருப்புங்கள். புதிதாக வாங்கியவர்கள் மறப்பது இதைத்தான். அரை மணி நேரம் ஆவி போய்க்கொண்டே இருக்கும், ஊசி எழும்பவே எழும்பாது.

பட்டனில் ஒரு பொறி இருக்கிறது. 'ரைஸ்' என்று எழுதியிருக்கிற பட்டன் பெரும்பாலும் வெள்ளை அரிசிக்காக வைத்தது; இன்ஸ்டன்ட் பாட் மாதிரி சில குக்கர்களில் அது குறைந்த அழுத்தத்தில் ஓடும். அதை விட்டுவிட்டு 'பிரஷர் குக்' அல்லது 'மேனுவல்' என்றிருப்பதை அழுத்தி, அழுத்தம் 'ஹை', நேரம் 22 என்று வையுங்கள். இனி வேறு வேலையைப் பார்க்கலாம்.

பீப் வந்ததும் உடனே ஆவியைத் திறந்துவிடாதீர்கள். அப்போது சோற்று மணிக்குள் இருக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் கொதிக்காமல் அடங்கி நிற்கிறது. வால்வைத் திறந்த நொடியில் அது மணிக்கு உள்ளேயே கொதித்துக் கிளம்பும். மணி வெடித்து, மாவு நுரைத்து, கஞ்சித் தண்ணீர் வால்வு வழியாகச் சுவரெல்லாம் தெறிக்கும். பத்து, பன்னிரண்டு நிமிடம் விட்டுவிட்டால் அழுத்தம் தானாக இறங்கும். அந்த நேரத்தில் அடியில் தேங்கிய ஈரம் ஆவியாகி மேலே இருக்கிற மணிகளுக்கும் போய்ச் சேரும். இந்தக் காத்திருப்பும் சமையலில் ஒரு பகுதி, அவசரப்பட்டு வெட்ட முடியாத பகுதி. பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஊசி இறங்கவில்லை என்றால் நீளமான கரண்டிக் காம்பால் வால்வைத் தள்ளி மீதியை வெளியேற்றலாம். முகத்தையும் கையையும் மேலே கொண்டுபோக வேண்டாம். மேலே மர அலமாரி இருந்தால் குக்கரை முதலிலேயே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் மேலே கொஞ்சம் ஈரமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். கரண்டியை ஓரமாக விட்டு அடியிலிருந்து புரட்டி, மூடாமல் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

இப்போது மொத்த நேரத்தைக் கூட்டுங்கள். சூடேற எட்டு, வேக 22, அடங்கப் பன்னிரண்டு, 42 நிமிடம். திறந்த பாத்திரத்தில் ஆகிற நேரம்தான். பின்னே எதற்கு இந்த மெஷின் என்றால், பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பொங்குகிறதா, தண்ணீர் சுண்டிவிட்டதா, அடி பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். ஊற வைத்திருந்தால் அதே மொத்த நேரம் 35 ஆகும்.

கொஞ்சமாக வைக்க

ஒருவர், இருவர் உள்ள வீட்டில் அரை கப் அரிசியை ஆறு லிட்டர் குக்கரில் நேரடியாகப் போட்டால், தண்ணீர் போதாமல் அழுத்தமே ஏறாது. அந்த அளவு குக்கருக்குக் குறைந்தது ஒன்றரைக் கப் திரவம் வேண்டும். இதற்கு வழி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: குக்கர் அடியில் தண்ணீர், அதன் மேல் ஸ்டாண்ட், அதன் மேல் சின்னப் பாத்திரத்தில் அரிசி. அடித் தண்ணீர் ஒன்றரைக் கப். சின்னப் பாத்திரத்தில் அரிசிக்கு ஏற்ற தண்ணீர் தனியாக. சூடு பாத்திரத்தைக் கடந்து போக வேண்டும் என்பதால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அடி பிடிக்கிற தொல்லையே இதில் இல்லை. குறைந்த அளவுக்கு மட்டுமல்ல, எப்போதும் இப்படியே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

அடுக்குப் பாத்திரம் இருந்தால் இன்னொன்றில் பருப்பும் வைத்துவிடலாம். துவரம் பருப்புக்கு 22 நிமிடம் அதிகம்தான், குழைந்துபோகும். சாம்பாருக்கு அது வசதி. இரவு ஊற வைத்த கொண்டைக்கடலைக்கும் ஊறாத பிரவுன் ரைஸுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் என்பதால் இரண்டும் நல்ல ஜோடி. காய்கறியை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். கரைந்துவிடும்.

சொதப்பினால்

நடுவில் நறுக்கென்று இருக்கிறதா? கால் கப் கொதிநீரைத் தெளித்து, மறுபடி மூடி, ஐந்து நிமிடம் அழுத்தத்தில் வைத்து, பழையபடி அடங்க விடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி சூடேறவே நேரம் போய்விடும். குழைந்துபோனதை மீட்க முடியாது; அன்றைக்குத் தயிர் சாதம். இரண்டு நாளும் ஒரே மாதிரி குழைந்தால் நேரத்தை அல்ல, தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள்.

டிஸ்ப்ளேயில் 'பர்ன்' என்று வந்தால் அடியில் ஏதோ ஒட்டி, சென்சார் இருக்கிற இடம் அளவுக்கு மேல் சுடுகிறது என்று அர்த்தம். வெறும் சோற்றுக்கு இது அபூர்வம். அதே பாத்திரத்தில் தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, அதன் மேல் அரிசியைக் கொட்டுகிற தக்காளி சாதம், பிரியாணி வகையறாக்களில்தான் அதிகம் வரும். வதக்கியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மரக் கரண்டியால் அடியைச் சுரண்டிவிட்டுப் பிறகு அரிசியைப் போட்டால் வராது.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இதே அளவும் நேரமும் வைத்தால் வேகாது. குக்கர் தருகிற அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூடுவது. மேலே போகப் போக வெளியழுத்தம் குறைவதால் உள்ளே சூடும் குறைகிறது. இரண்டாயிரம் அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் நேரத்தை ஐந்து சதவீதம் கூட்டுவது வழக்கமான கணக்கு. ஏழாயிரம் அடியைத் தாண்டிய ஊட்டியில் 22 நிமிடம் 27, 28 ஆகும்.

தவிட்டில் அப்படி என்ன இருக்கிறது

ஆரோக்கியத்துக்காகத்தான் பலரும் இந்த அரிசிக்கு மாறுகிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கலோரியில் வெள்ளை அரிசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாறாக 100 கிராம் சோற்றில் நார்ச்சத்து வெள்ளையில் அரை கிராம்கூட இருக்காது, இதில் ஒன்றரை கிராமுக்கு மேல். மெக்னீசியமும் பி வைட்டமின்களும் கூடுதல். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2014இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் எடை உள்ளவர்கள் பிரவுன் ரைஸ் சாப்பிட்டபோது 24 மணி நேர ரத்தச் சர்க்கரை ஏற்றம் வெள்ளை அரிசியைவிட சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் மூன்று தட்டுச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. இதுவும் சோறுதான்.

தவிட்டை இழந்தால் என்ன ஆகும் என்பது, பி1 வைட்டமின் குறைவால் வருகிற பெரிபெரி நோயில் தெரியவந்தது. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி வருவதையும் தீட்டாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். 1929இல் நோபல் பரிசு பெற்றார். பெரிபெரியை ஆராய 1918இல் ராபர்ட் மெக்கரிசன் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வகம்தான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். புழுங்கல் அரிசி சாப்பிடுகிற பகுதிகளில் அந்த நோய் குறைவாக இருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் மணிக்குள்ளே இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. ஆகவே பிரவுன் ரைஸ் பிடிக்கவே இல்லை, குடும்பத்தில் ஒருவரும் தொடமாட்டேன் என்கிறார்கள் என்றால், புழுங்கல் அரிசியைத் தொடர்வதில் ஒரு குற்றமும் இல்லை. பாதிப் பாதி கலப்பதும் நல்ல வழி: பிரவுன் ரைஸை மட்டும் இரவு ஊற வைத்து, காலையில் புழுங்கலோடு சேர்த்து 15 நிமிடம்.

தவிட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மண்ணிலும் நீரிலும் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிற இடத்தில் விளைந்த அரிசியில் அது தவிட்டில்தான் அதிகம் தங்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் குறையும்; குக்கரில் எல்லாத் தண்ணீரையும் அரிசியே குடிப்பதால் குறைய வழியில்லை. கவலைப்படுகிறவர்கள் அரிசியை நாலு மடங்கு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வைக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2020இல் இதைச் சோதித்து, பிரவுன் ரைஸில் பாதிக்கு மேல் ஆர்சனிக் நீங்குவதாகச் சொன்னது. அரிசி ஏற்கெனவே கொதித்திருப்பதால் குக்கர் நேரத்தை ஐந்தாறு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதும் வைப்பதும்

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் பிரவுன் ரைஸ் மூட்டை மூட்டையாக வாங்கி வைக்கிற சரக்கு அல்ல. நாள்பட்டால் எண்ணெய் சிக்குப் பிடித்து, பழைய எண்ணெய்ப் பலகார வாடை வரும். வண்டும் இதைத்தான் முதலில் தேடி வரும். இரண்டு மாதத்துக்குத் தேவையானதை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஃப்ரிட்ஜில் இடம் இருந்தால் இன்னும் நல்லது. பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். வெகுநாள் கிடந்த அரிசி கூடுதல் தண்ணீர் கேட்கும்.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு குக்கர் வாங்கி வருவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அங்கே விற்பது 120 வோல்ட் மெஷின். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு போச்சு. ஆயிரம் வாட் இழுக்கிற சாதனத்துக்கு ஏற்ற கன்வெர்ட்டர் கனமும் அதிகம், விலையும் அதிகம். இங்கேயே வாங்கிக்கொள்வது மேல். வாங்கும்போதே இன்னொரு ரப்பர் வளையமும் வாங்கி வைத்துவிட்டால் சாம்பாருக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சிலிக்கோனால் ஆன இந்த வளையம் மசாலா வாடையை இழுத்து வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் முழுசாகப் போகாது.

மீந்த சோற்றை 'கீப் வார்ம்' போட்டு இரவு வரை விடலாமா என்று கேட்பார்கள். அந்தச் சூடு 60 டிகிரிக்கு மேல் இருப்பதால் கெட்டுப்போகாது. ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அடி காய்ந்து பொருக்குத் தட்டும். அணைத்துவிட்டு அப்படியே மூடி வைப்பதுதான் ஆபத்து. வெந்த பிறகும் பிழைத்திருக்கிற பாக்டீரியா வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அவை விடுகிற நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்டு முடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி, ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி இளகிவிடும். புளிக்காய்ச்சல் கைவசம் இருந்தால், ஆறிய சோற்றை உதிர்த்து அதில் கிளறிவிடுவதுதான் சுலபம்.